பைன் தோப்புக்குப் பூச்சி சர்வேன்னு வருவாங்க, உஷார்! எனக்கு 40,000 போச்சு

கோபம் இன்னும் அடங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

பைன் தோப்புல பட்டை வண்டு எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பார்க்க, ஆள் பிடிச்சுக் கொடுக்கற ஒரு ஆப் மூலமா சர்வேக்காரனை வரவழைச்சேன். 40,000. முழுசும் முன்பணம்.

பேச்சுல கில்லாடி. ஏற்கெனவே சிவந்துபோன மரத்துல கத்தியை விட்டுப் பட்டையை உரிச்சான். உள்பக்கம் பூரா புழு அரிச்ச தடம், கட்டையில நீலக் கறை. "இந்தப் பூஞ்சையை வண்டுதான் சுமந்துட்டு வருது சார்"னு சொன்னான். உண்மைதான். அந்த ஒரு வார்த்தையிலதான் முழுசா நம்பிட்டேன். அப்புறம் ட்ரோனைச் சுத்த விட்டுட்டுக் கிளம்பிட்டான்.

அறிக்கை வந்துச்சு: சிவந்ததை வெட்டுங்க, பச்சையெல்லாம் ஆரோக்கியம். அடப்பாவி! ஊசியிலை சிவக்கறதுக்குள்ள வண்டு பெரும்பாலும் பறந்துபோயிருக்கும். அது இருக்கறது பக்கத்துல பச்சையா நிக்கற மரத்துல. அடிமரத்துகிட்ட குனிஞ்சு பார்த்தாதான் தெரியும்: பட்டை இடுக்குல காப்பித்தூள் மாதிரி செம்பழுப்புத் தூள், துளை வாயில பிசின் கட்டி. ஒரு பச்சை மரத்தைக்கூட அவன் தொடல. இப்ப அதுங்க வரிசையா வெளிறுது.

இன்னொரு கூத்து. அறிக்கைப் படத்துல ஊசிகள் ஒத்தை ஒத்தையா இருக்கு. பைன்ல கொத்துக் கொத்தால்ல வரும்? அது ஸ்ப்ரூஸ்ங்கற வேற ஊசியிலை மரம். எவன் தோப்புப் படமோ!

கேட்டா, "பட்டை பார்க்கறது வேற பேக்கேஜ்". அப்புறம், "நாங்க போன பிறகு வண்டு வந்திருக்கும்". உரிச்சா கொழுத்த புழுவும் கூட்டுப்புழுவும் கிடக்கு, நேத்து ராத்திரி வந்ததா அது? ஆப்காரங்க, "வேலை முடிந்ததுன்னு பதிவாகியிருக்கு, புகாரை மூடிட்டோம்". 40,000 முழுங்கிட்டு ஏப்பம் விடறானுங்க. இப்ப போனும் எடுக்கறதில்ல.

விவரமா யோசனை சொல்லலாம்னுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்ல. முன்பணம் முழுசாக் கொடுக்காதீங்க. ட்ரோன் மட்டும் போதும்னு சொன்னா அனுப்பிடுங்க. பச்சை மரத்தோட அடியைப் பார்க்கச் சொல்லி, கூடவே நடங்க. வண்டை வாசனை காட்டி இழுக்கற இனக்கவர்ச்சிப் பொறியை நல்ல மரத்துப் பக்கத்துல மாட்ட விடாதீங்க, வண்டு பொறியை விட்டுட்டு மரத்துல ஏறும். வண்டு உள்ளே இருக்கற மரத்தை வெட்டினா அங்கேயே போட்டு வைக்காதீங்க, அது வெளியே வர்றதுக்குள்ள பட்டையை உரிச்சிடுங்க, இல்ல தோப்பை விட்டு அப்புறப்படுத்துங்க.