உடுமலைல ஒரு சலூன்: முடி வெட்டப் போனா கவுண்டமணியா செந்திலான்னு கேக்குறாங்க

மொதல்லயே சொல்லிடுறேன், கடை பேர போட மாட்டேன். ஏன்னா இதுல கொறையும் சொல்லப்போறேன், அடுத்த மாசமும் அதே அண்ணன் முன்னாடி கழுத்த நீட்டிட்டு உக்காரணும், அப்ப அவர் கைல கத்தி இருக்கும். உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுல எறங்கினா நடக்குற தூரம்தான். ரெண்டு சேரு, ஒரு மர பெஞ்சு, ஒரு டிவி, அவ்ளோதான் கடை. காத்தாலை கம்பெனி வேலைக்கு நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, அதுலேர்ந்து என் தல இங்கதான்.

ரேட்டு கட்டிங் 150, ஷேவிங் 70, ரெண்டும் சேத்தா 200. ஏசி கெடையாது, ஃபேன் ஓடுனா வெட்டுன முடியெல்லாம் பறக்குதுன்னு அதையும் ஒண்ணாம் நம்பர்லதான் வைப்பாங்க. ஆனா சுத்தம் நல்லா இருக்கும், ஒவ்வொருத்தருக்கும் நம்ம கண்ணு முன்னாடியே புது பிளேட பிரிச்சு, பாதியா ஒடச்சு மாட்டுவாங்க, துண்டும் தொவச்ச துண்டா இருக்கும், ஷேவிங் முடிஞ்சதும் படிகாரக் கட்டிய தண்ணில நனச்சு ஒரு இழுப்பு இழுப்பாங்க பாருங்க, இப்ப எந்த ஏசி கடைல அதெல்லாம் பண்றாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். மத்த சலூன்ல செவுத்துல ஹேர்ஸ்டைல் போஸ்டர் இருக்கும்ல, இங்க ஜோடி படங்களா ஒட்டி வச்சிருக்காங்க. கவுண்டமணி செந்தில் நடுவுல, பெருசா, சந்தனம் குங்குமம் மட்டுந்தான் பாக்கி. அதுக்கு சைடுல லாரல் ஹார்டி, அந்தப் பக்கம் டாம் அண்ட் ஜெர்ரி, கண்ணாடிக்கு மேல பார்த்திபன் வடிவேலு, மூலைல பாதி கிழிஞ்ச 'ஷோலே' போஸ்டர். டிவில காலைல ஷட்டர் தூக்குனதுலேர்ந்து நைட்டு எறக்குற வரைக்கும் காமெடி சேனல்தான், ஒண்ணு சிரிப்பொலி இல்லனா ஆதித்யா. நியூஸ் வச்சா கட்சி சண்டை வருதுன்னு இப்படி மாத்துனாராம் ஓனர் அண்ணன். சண்டை நிக்கல, கட்சிதான் மாறிருக்கு.

மொத சேர்ல ஓனர், இந்த ஊர்க்காரரு, பேச்சுல வார்த்தைக்கு ஒரு "ங்க". ரெண்டாவது சேர்ல வேலைக்கு இருக்குற தம்பி முதுகுளத்தூர் பக்கம். இது புரியணும்னா ஒண்ணு தெரிஞ்சிருக்கணும், கவுண்டமணிக்கு சொந்த ஊரு இதோ இங்க உடுமலைக்குப் பக்கத்துல வல்லக்குண்டாபுரம், செந்திலுக்கு முதுகுளத்தூர் பக்கம் இளஞ்செம்பூர். ஆக, கடைல இருக்குற ரெண்டு சேரும் ரெண்டு ஜில்லா. நான் போன ஞாயித்துக்கெழம போனப்ப பெஞ்சுல இடம் இல்ல, எனக்கு முன்னாடி நாலு பேரு, ஒன்றரை மணி நேரம் வெயிட்டிங். ஆனா சத்தியமா சொல்றேன், சினிமாவுக்கு போயிருந்தாக்கூட அவ்ளோ சிரிச்சிருக்க மாட்டேன்.

ஆரம்பிச்சது டிவில வந்த அந்த வாழப்பழம்தான், வேற என்ன. 'கரகாட்டக்காரன்' வந்தது 1989, இந்தத் தம்பி பொறக்குறதுக்கு பல வருஷம் முன்னாடி, ஆனா வாயசைப்பு உட்பட மனப்பாடமா வச்சிருக்கான். ஓனர் அண்ணன் ஒருத்தர் பின்கழுத்துல மெஷின ஓட்டிக்கிட்டே, "என்ன இருந்தாலும் எங்க ஊர்க்காரரு நடிப்புதானுங்க இது, அந்த மூஞ்சி ஒண்ணு போதுமுங்க"ன்னாரு. தம்பி கைய நிறுத்தாம, கண்ணாடியப் பாத்துக்கிட்டே, "அண்ணே, பழத்த தின்னது யாருண்ணே"ன்னான். பெஞ்சே குலுங்கிருச்சு.

அப்புறம் ஓனர் ஆதாரத்த எறக்க ஆரம்பிச்சாரு. செந்தில் இல்லாமயே அவரு நிப்பாருங்க, சத்யராஜ் கூட எத்தன படம், 96ல 'உள்ளத்தை அள்ளித்தா'ல கார்த்திக் கூட சேந்து பண்ணது என்ன லேசுப்பட்டதா, அதெல்லாம் விடுங்க, 77லயே '16 வயதினிலே'ல ரஜினி கூட நின்னவருங்கன்னாரு. தம்பி விடல, "அதுல ரஜினிக்கு இவரே அல்லக்கைதானண்ணே, அல்லக்கையா இருக்கது எவ்வளவு கஷ்டம்னு அவருக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியல"ன்னுட்டான். சம்பளம் வாங்குற எடத்துல இப்படிப் பேச தைரியம் வேணும். ஓனர் பதிலுக்கு பேரிக்கா மண்டையான்னு ஆரம்பிச்சு அந்த வரிசைய எடுத்து விட்டாரு, நான் உட்பட எல்லாரும் சிரிச்சோம்.

என் கட்சி என்னன்னு கேட்டாங்க, நான் சொன்னத இங்கயும் சொல்றேன். ஜோடின்னா அடிக்கிறவன வச்சு எட போடக்கூடாது, வாங்குறவன வச்சுத்தான் போடணும். அந்த வாழப்பழத்தையே எடுத்துக்கங்க. ஒரு ரூவா குடுத்து ரெண்டு பழம் வாங்கிட்டு வரச் சொல்றாரு, செந்தில் ஒண்ண தின்னுட்டு ஒண்ண கொண்டு வராரு, இன்னொண்ணு எங்கன்னு கேட்டா கைல இருக்குறதக் காட்டி அதுதான் இதுங்குறாரு. நல்லா யோசிச்சுப் பாருங்க, அதுல பொய்யே கெடையாது. ரெண்டு வாங்குனாரு, ஒண்ணு போச்சு, மிச்ச ஒண்ணு இது. கவுண்டமணி கத்துறாரு, ஒதைக்கிறாரு, பஞ்சாயத்து வைக்கிறாரு, ஆனா அந்தக் கணக்க அவரால ஒடைக்கவே முடியல, கடைசி வரைக்கும் முடியல. அடி செந்திலுக்கு விழுது, ஆனா தோத்தது கவுண்டமணி. அந்த மூஞ்சில கொஞ்சங்கூட குத்த உணர்ச்சி இல்லாம நிப்பாரு பாருங்க, அதுதான் சீனே.

அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி 'வைதேகி காத்திருந்தாள்', 84ல, அதுலயும் இதே கதைதான். சைக்கிள் கட வச்சுக்கிட்டு பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுற ஆல் இன் ஆல் அழகுராஜா, எல்லாம் தெரிஞ்ச ஆளு. செந்தில் வந்து இது எப்படிண்ணே எரியும்னு மேண்டில ஒரு அமுக்கு அமுக்கிருவாரு. அது பொசுக்குன்னு சாம்பலா உதிரும். பெட்ரோமாக்ஸ் பாத்த தலைமொறைக்குத்தான் அந்த வலி தெரியும், பட்டுத்துணி மாதிரி இருக்கும் அது, ஒருதடவ எரிஞ்சப்புறம் மூச்சுக்காத்து பட்டாக்கூட போயிரும். எல்லாம் தெரிஞ்சவர் கடைய ஒண்ணும் தெரியாதவன் ஒத்த வெரல்ல காலி பண்றான். ஆல் இன் ஆலுக்கு அதுக்கு மேல என்ன அவமானம் வேணும்.

இதச் சொன்னதும் பெஞ்சு மூலைல செல்லு நோண்டிட்டு இருந்த காலேஜ் பையன் தல தூக்குனான். "அண்ணா நீங்க சொல்றது லாரலுக்கும் பொருந்தும்ணா"ன்னு ஆரம்பிச்சு அவன் சொன்னதுதான் அன்னிக்கு சபைலயே வெயிட்டான பாயின்ட்டு. படத்துல பாத்தா குண்டு ஹார்டி அதிகாரம் பண்ணுவாரு, ஒல்லி லாரல் தலைய சொறிஞ்சுக்கிட்டு முழிப்பாரு. ஆனா கேமராவுக்குப் பின்னாடி தலகீழு, காமெடிய யோசிக்கிறது, எழுதுறது, எடிட்டிங்ல உக்காருறது எல்லாம் அந்த லூசா நடிக்கிற லாரல்தானாம். 1932ல 'தி மியூசிக் பாக்ஸ்'னு ஒரு குட்டிப் படம், ஆஸ்கார் வாங்குனது. ஒரு பியானோவ லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு மாடிப்படி வழியா ரெண்டு பேரும் மேல ஏத்துறாங்க, ஏத்துறாங்க, அது சறுக்கி கீழ வருது, திரும்ப ஏத்துறாங்க, உசிரு போயி மேல சேந்ததும் ஒரு போஸ்ட்மேன் வந்து, ஏம்ப்பா அந்தப் பக்கம் ரோடு இருக்கே வண்டிலயே வந்திருக்கலாமேங்குறான். அதுக்கு என்ன பண்ணுவாங்க தெரியுமா, பியானோவ மறுபடியும் கீழ எறக்கி, வண்டில ஏத்தி, ரோடு வழியா கொண்டு வருவாங்க. அந்தப் படிக்கட்டு இன்னமும் அங்க அப்படியே இருக்காம். இதக் கேட்டுட்டு தம்பி கத்திரிய வச்சுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சான். ஹார்டி 1957ல செத்துப் போனப்புறம் லாரல் எட்டு வருஷம் இருந்தாராம், ஒரு படத்துல நடிக்கலயாம், எவ்வளவோ கூப்பிட்டாங்களாம். அதுக்கு மட்டும் கடைல யாரும் ஒண்ணும் பேசல, மெஷின் சத்தம் மட்டுந்தான்.

பெங்களூர்ல ரொம்ப நாளு இருந்துட்டு வந்த ஒரு பெரியவரு ஜோடின்னா இந்திப் படம் 'ஷோலே'ல வர்ற ஜெய் வீருதான்னு ஒரே புடி. ராமநகரம் பாறைல அத ஷூட் பண்ணப்ப நான் அந்தப் பக்கம் வேல பாத்தேன்னு, எப்பவும் சொல்றத சொன்னாரு. ரெண்டு பக்கமும் தல போட்ட காசு, ஜெய் சாகுறது எல்லாம் சொல்லி முடிச்சாரு. உடனே ஒருத்தர் அப்ப 'தளபதி' மட்டும் என்னவாம்னு கேக்க, கர்ணன் கதைல கர்ணன் சாவான், படத்துல அவன் கூட்டாளி தேவா சாவான்னு அது அப்படியே வேற பக்கம் ஓடிருச்சு. என்னைக் கேட்டா ஒருத்தர் செத்தாதான் பெரிய ஜோடின்னா அது நட்புக்கு போடுற மார்க்கு இல்ல, அழுகைக்கு போடுறது. பார்த்திபன் வடிவேலுவுக்கு ஓட்டு நெறைய விழுந்துச்சு, 'வெற்றிக் கொடி கட்டு' துபாய் சீன நானும் எப்ப பாத்தாலும் சிரிப்பேன், ஆனா அங்க பார்த்திபன் கேள்வி கேட்டே கொல்லுவாரு, வடிவேலு பாவம் மாட்டிக்கிட்டு முழிப்பாரு, கணக்கு ஒரு பக்கம்தான் போகும். வடிவேலு தனியாவே ஒரு ஜோடி, அவருக்கும் அவரு வாய்க்கும்தான் சண்டையே.

முடிவு யாரு சொன்னதுன்னு கேளுங்க. ஓனர் சேர்ல கைப்பிடிக்கு குறுக்கால பலகை போட்டு ஒரு அஞ்சு வயசுப் பையன உக்கார வச்சிருந்தாங்க. மெஷின் காதுகிட்ட வந்ததும் வீல்னு ஒரே கத்து. டாம் அண்ட் ஜெர்ரி வச்சாதான் தலைய காட்டுவேன்னுட்டான். சேனல் மாத்துனாங்க. பெருசுங்க எல்லாம் வாய மூடிட்டு பெஞ்சுல உக்காந்து எலி பூனைய அடிக்கிறத பாத்தோம். 1940ல வந்த சரக்கு, ஏழு ஆஸ்கார், பேச்சே கெடையாது, உடுமலைக்கும் புரியுது முதுகுளத்தூருக்கும் புரியுது. அதுலயும் பாருங்க, அடி வாங்குறவன் மேலதான் நம்ம பாசம் போகுது.

இப்ப கொறை. என் முறை வந்தப்ப மொத சேர்தான் காலியா இருந்துச்சு, உக்காந்துட்டேன். ஓனர் அண்ணன் இன்னும் அந்த அல்லக்கை பேச்ச மறக்கல, கை எனக்கு வெட்டுது, வாய் தம்பிகிட்ட. 'நாட்டாமை'ல பையன் கவுண்டமணி அப்பன் செந்தில், அப்பவும் யாரு கை ஓங்கி இருந்துச்சுன்னு கத்திய ஆட்டி ஆட்டி கேக்குறாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். தெறந்தப்ப ஒரு பக்கம் கிருதா காது நடுவுல நிக்குது, இன்னொரு பக்கம் காதுக்கு மேல எங்கயோ போயிருச்சு. சரி பண்றேன்னு இத கொஞ்சம் ஏத்த, அது கொஞ்சம் ஏற, நான் போதும் சாமின்னு எந்திரிச்சிட்டேன். 150 ரூவாய மட்டும் கரெக்டா வாங்கிக்கிட்டாரு.

இன்னொண்ணும் சொல்லணும். தம்பிய மண்டையா மண்டையான்னு ஓனர் சொல்றப்ப மொத வருஷம் நானும் சேந்து சிரிச்சேன், அந்தக் காமெடிய பாத்து வளந்தவங்கதான நாம. ஆனா கண்ணாடில பாத்தா தம்பி எல்லா தடவையும் சிரிக்கிறதில்ல. படத்துல செந்திலுக்கு பதில் சொல்ல ஒரு டயலாக் எழுதிக் குடுத்திருப்பாங்க, கடைல அவனாத்தான் யோசிக்கணும், அதுவும் கஸ்டமர் காது கிட்ட கத்திரிய வச்சுக்கிட்டு. அன்னிக்கு அவன் அந்த அல்லக்கை பதில சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குத்து டான்ஸே ஆடுச்சு. தலையத் தட்டி சொடக்கு எடுக்குறதுலயும் அவன் கையிதான் கையி, கழுத்து நரம்பு எங்க இருக்குன்னு நமக்கு தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியுது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரம்மா கதவத் தெறந்து மொகத்த அப்படி ஒரு தடவ இப்படி ஒரு தடவ பாத்தாங்க. "ஒரு கிருதா இருக்கு, இன்னொண்ணு எங்க?"

என்ன சொல்லிருப்பேன்னு உங்களுக்கே தெரியும். ரெண்டு நாளு சோத்துக்கு ரசம் மட்டுந்தான் ஊத்துனாங்க.

மார்க்கு கேட்டா, ரெண்டாவது சேருக்கு அஞ்சுக்கு அஞ்சு, மொத சேருக்கு ரெண்டு, பெஞ்சுக்கு பத்து. ஜிபே இருக்கு. செவ்வாய்க்கெழம லீவு. அவசரம்னா ஞாயித்துக்கெழம போகாதீங்க, போனாலும் மொத சேர் காலியா இருக்கேன்னு பாஞ்சு போயி உக்காராம, பரவாயில்லண்ணா நான் சீன் பாத்துட்டு வரேன்னு சொல்லி பெஞ்சுலயே இருங்க.