பேக்கப் பாதியில் நிற்கிறதா? செக்டிஸ்க், செக்டரைத் தாண்டுதல், டிடிரெஸ்கியூ: எதை எப்போது?

இமேஜ் பேக்கப் (டிஸ்க்கில் உள்ளதை அப்படியே நகலெடுப்பது) ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று விண்டோஸ் பிழை எண் 23 அல்லது 1117 காட்டினால், பேக்கப் மென்பொருளை மாற்றிப் பயனில்லை. 23 என்றால் படித்த தரவு சரிபார்ப்பில் தேறவில்லை. 1117 என்றால் படிக்கும் அல்லது எழுதும் வேலையே டிஸ்க்கில் தோற்றுவிட்டது. பயன்பாட்டில் உள்ள எல்லா செக்டரையும் (டிஸ்க்கில் தரவு சேமிக்கும் சிறு துண்டு) இமேஜ் பேக்கப் படிக்கிறது. பல வருடமாக யாரும் திறக்காத ஃபைலில் ஒரு செக்டர் கெட்டிருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே பேக்கப் மட்டும் தோற்பது இதனால்தான்.

எதைத் தொடும் முன்பும், பழைய பேக்கப்பைத் தானாக அழிக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். கெட்ட ஃபைலின் நல்ல நகல் அதில் மட்டுமே இருக்கலாம்.

அடுத்து, எந்த டிஸ்க் என்று பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் ஈவென்ட் 7 வந்தால் பேட் பிளாக், அதாவது டிஸ்க்கில் கெட்ட இடம். அதில் உள்ள ஹார்ட்டிஸ்க் எண்ணும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றே. பேக்கப் சேமிக்கும் டிஸ்க்கே குற்றவாளியாகவும் இருக்கலாம். பிறகு ஸ்மார்ட் அட்டவணை: டிஸ்க் தன் நிலையைத் தானே எண்ணிட்டுக் குறித்துவைக்கும் பட்டியல். ஹார்ட்டிஸ்க்கில் 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 5 என்பது ஏற்கெனவே மாற்றப்பட்டவை. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். அதை மாற்றிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

செக்டிஸ்க் /ஆர். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளை. பலரும் முதலில் ஓட்டுவது இதைத்தான். சாகும் டிஸ்க்கில் இதைவிட மோசமான தொடக்கம் இல்லை. /எஃப் ஃபைல் அமைப்பை மட்டும் சரிசெய்யும். /ஆர் காலி இடம் உட்பட முழு டிஸ்க்கையும் படிக்கும், மணிக்கணக்கில். படிக்க முடியாத கிளஸ்டரை (செக்டர்களின் தொகுப்பு) கெட்டது என்று குறித்து ஒதுக்கும். அதிலிருந்த தரவைத் திருப்பித் தராது. ஃபோல்டர் அட்டவணை இருந்த இடமே கெட்டிருந்தால், ஃபைல்கள் பெயரிழந்து 'ஃபவுண்ட்.000' ஃபோல்டருக்குள் போய்விழும். 197 ஒற்றை இலக்கத்தில் அசையாமல் நின்று, நல்ல பழைய பேக்கப்பும் கையில் இருந்தால் ஓட்டலாம்.

செக்டரைத் தாண்டுவது. பேக்கப் மென்பொருளில் 'பேட் செக்டரைப் புறக்கணி' என்ற அமைப்பு இருந்தால், வேலை உடனே முடியும். ஆனால் பொதுவாக அந்த இடத்தில் பூஜ்யங்கள் நிரம்பும். பேக்கப் 'வெற்றி' என்று சொல்லும். உள்ளே ஒரு ஃபைல் ஓட்டையோடு இருக்கும். எந்த ஃபைல் என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். பதிவில் கிடைத்த செக்டர் எண் 81922048, பார்ட்டிஷன் (டிஸ்க்கின் ஒரு பிரிவு) தொடங்கும் செக்டர் 2048 என்று வையுங்கள். கழித்தால் 81920000. ஒரு கிளஸ்டர் 4096 பைட், செக்டர் 512 பைட் என்றால் 8 ஆல் வகுக்க வேண்டும்: கிளஸ்டர் 10240000. 'எஃப்எஸ்யூடில் வால்யூம் குவெரிகிளஸ்டர்' கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் ஃபைல் பெயர் வரும். அதை மட்டும் பழைய பேக்கப்பிலிருந்து எடுத்துவையுங்கள்.

ஃபைல்களாக நகலெடுக்க விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளையைப் பயன்படுத்தினால், /ஆர்:1 /டபிள்யூ:1 (ஒரே ஒரு மறுமுயற்சி, ஒரு விநாடி இடைவெளி) கட்டாயம். இயல்பான அமைப்பில் அது 30 விநாடி இடைவெளியில் பத்து லட்சம் முறை முயலும். கெட்ட செக்டரை அப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் டிஸ்க் இன்னும் வேகமாகச் சாகும்.

டிடிரெஸ்கியூ. கெட்டுவரும் டிஸ்க்கிலிருந்து முடிந்தவரை தரவை மீட்டு நகலெடுக்கும் லினக்ஸ் கருவி. 197 நாளுக்கு நாள் ஏறினாலோ, நல்ல பேக்கப் வேறு இல்லாவிட்டாலோ, நேராக இதற்கு வாருங்கள். லினக்ஸ் யூஎஸ்பியில் பூட் செய்து, அதே அளவோ பெரியதோ ஆன புது டிஸ்க்குக்கு குளோன் (அச்சு நகல்) எடுக்க வேண்டும். முதல் சுற்று -என் விருப்பத்தோடு: எளிதில் வருவதையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கடினமான பகுதிகளைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டாம் சுற்றில் -டி -ஆர்3 கொடுத்து மீதியை மூன்று முறை தட்டிப் பார்க்கலாம். எது படிக்கப்பட்டது, எது மீதி என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலை மூன்றாவது டிஸ்க்கில் வையுங்கள். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் முன்னே, இலக்கு பின்னே. வரிசை மாறினால் உங்கள் தரவின் மேல் காலி டிஸ்க் எழுதப்படும். எண்டர் தட்டும் முன் சீரியல் எண்ணை ஒப்பிடுங்கள்.

குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு விண்டோஸை ஏற்றுங்கள். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருந்தால் ஒன்றை அது ஆஃப்லைனில் போடும். செக்டிஸ்க் /எஃப் ஓட்ட வேண்டியது இப்போதுதான், குளோனின் மேல். பழைய டிஸ்க்கில் /ஆர் ஏற்கெனவே ஓடியிருந்தால், கெட்ட கிளஸ்டர் பட்டியலும் சேர்ந்தே வந்திருக்கும். /பி கொடுத்தால் பட்டியல் அழிந்து புதிதாகச் சோதிக்கப்படும். பிறகு பழைய இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் சேர்க்கும்) பேக்கப் சங்கிலியில் ஒட்டாமல், புது முழு பேக்கப் எடுங்கள்.