ஸ்கிராட்சா, ஆப் இன்வென்டரா?

தக்கலைப் பக்கம் ஏழாம் வகுப்புக்கு நிரல் எழுதச் சொல்லித்தர, கட்டளைக் கட்டங்களைக் கோத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச், ஆப் இன்வென்டர் இரண்டையும் முதலில் நானே பழகிப் பார்த்தேன். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்ட ஸ்கிராட்சைக் கணினியில் ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்புறம் இணையம் வேண்டாம். மழை வந்தால் நெட் போய்விடும் எங்கள் ஊருக்கு அதுவே பெரிய விஷயம். குளச்சல் வள்ளம் ஒன்றை வரைந்து, திரையில் இடது ஓரமான -240இல் இருந்து வலது ஓரமான 240 வரை ஓடவிட்டேன். ஓரத்தில் முட்டித் திரும்பியதும் வள்ளம் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டது! சுழலும் விதத்தை இடம்-வலம் என்று மாற்றிய பிறகே நிமிர்ந்தது. நல்லவேளை, பிள்ளைகள் பார்க்கவில்லை.

ஆப் இன்வென்டரில் செய்த செயலி கையில் இருக்கும் போனிலேயே ஓடும். அந்தக் குஷியே தனி. ஆனால் இணையம் வேண்டும், சோதித்துப் பார்க்கப் போனும் கணினியும் ஒரே வைஃபையில் இருப்பது நல்லது. ஸ்கிராட்ச் பழகிய எட்டாம் வகுப்புக்கு என்றால் சரி.