பண்ணைக் கரையில் வேர்க்க நடப்பதா, நூதனசாலையில் நின்று பார்ப்பதா?

ஓய்வாக ஒரு மணித்தியாலம் கிடைத்தால் அதை உடம்புக்குக் கொடுப்பதா, மனதுக்குக் கொடுப்பதா? கிளினிக்குக்குப் போனால் டொக்டர் "நடவுங்கோ" என்கிறார். கனடாவிலிருந்து மகள் அனுப்பும் வட்ஸ்அப் செய்தியோ, நூதனசாலைக்கு, அதாவது அருங்காட்சியகத்துக்கு, போகிறவர்கள் கூடக் காலம் வாழ்கிறார்களாம் என்கிறது. இரண்டாவது செய்தியை வாசித்ததும் பலருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். அப்படியென்றால் விடியப்புறம் எழும்பி வேர்க்கத் தேவையில்லையே!

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் வேர்க்கத்தான் வேண்டும். அதற்காக அந்த வட்ஸ்அப் செய்தி பொய் என்று இல்லை. அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு இருக்கிறது. அந்த ஆய்வு என்ன சொன்னது, அது யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பார்க்கத்தான் இந்த அலசல்.

முதலில் கார்டியோ. இதயமும் நுரையீரலும் கொஞ்சநேரம் விடாமல், வழமையைவிடக் கடினமாக வேலை செய்யும் எந்த அசைவும் கார்டியோதான். ஜிம் கட்டாயமில்லை. விறுவிறு நடை, சைக்கிள், நீச்சல், கயிறடித்தல், கரப்பந்தாட்டம் எல்லாம் இதில் சேரும். சரியான வேகமா என்று அறிய மீற்றர் ஒன்றும் தேவையில்லை: கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அடி எண்ணுகிறவர்களுக்கு நிமிடத்துக்கு 100 அடி என்பது நல்ல குறி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், பெரியவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி செய்யவேண்டும் என்கிறது. கூடவே கிழமையில் இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. அந்த இரண்டாவது பாதியை எங்கள் ஆட்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது வேறு கதை.

அதன் பலன் எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் ஏன் விட்டுவிட்டுச் செய்யக்கூடாது என்பது விளங்கும். பழகிய இதயம் ஒரு துடிப்பில் கூடுதல் இரத்தத்தைத் தள்ளும். ஆகவே சும்மா இருக்கும்போது அது துடிக்கவேண்டிய எண்ணிக்கை குறையும். இரத்தக் குழாய்கள் இளகி விரியப் பழகும். பிறஷர் உள்ளவர்களுக்கு அது சில புள்ளிகள் இறங்கும். எங்களுக்கு முக்கியமானது மூன்றாவது: வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே இரத்தத்திலுள்ள சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரைக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவு புட்டு என்று மூன்று நேரமும் மாச்சத்தில் ஓடும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து என்ன இருக்கிறது?

ஆனால் அந்த ஒரு நாள், இரண்டு நாள் என்பதைக் கவனியுங்கள். திங்கட்கிழமை நடந்ததன் பலன் புதன்கிழமை பின்னேரத்துக்குள் கரைந்துவிடுகிறது. "வடக்கின் பெருஞ்சமரில் கிரிக்கெட் விளையாடினவன் நான்" என்ற கதை கேட்க நன்றாக இருக்கும், இன்றைய சீனியை ஒரு புள்ளியும் குறைக்காது. கார்டியோவின் பெரிய குறை இதுதான். அதைச் சேமித்துவைக்க முடியாது.

மூளைக்கும் அதில் பங்கு உண்டு. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் கிழமைக்கு மூன்று நாள் விறுவிறுவென்று நடந்தார்கள். மற்றப் பகுதியினர் உடம்பை நீட்டி முறுக்கும் இலேசான பயிற்சிகள் மட்டும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்து, நடந்தவர்களின் மூளையில் ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்கு அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆக, உடம்புக்கு நடை, மூளைக்கு நூதனசாலை என்று பாகம் பிரிக்கிற கதை முதல் அடியிலேயே சரிவரவில்லை.

நூதனசாலைப் பக்கத்து வாதம்

அந்த வட்ஸ்அப் செய்தியின் மூலம், 2019இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 6,710 பேரை 14 வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். நூதனசாலை, ஓவியக் காட்சி, நாடகம், இசைக் கச்சேரி இவற்றுக்குச் சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது போகிறவர்கள், ஒருபோதும் போகாதவர்களோடு ஒப்பிட்டால், அந்தக் காலத்துக்குள் இறக்கும் அபாயம் 31 சதவீதம் குறைவு. வருடத்தில் ஒன்றிரண்டு தடவை போனவர்களுக்குக்கூட 14 சதவீதம் குறைவு. காசு, படிப்பு, ஏற்கனவே இருந்த நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகு வந்த எண்கள் இவை. அதற்கு முதல் வருடம் வந்த இன்னோர் ஆய்வில், நூதனசாலைக்கு அடிக்கடி போகிறவர்களிடையே பிற்காலத்தில் மறதிநோய் குறைவாக இருந்தது. கனடாவின் மொன்றியலில் 2018இல் இருந்து டொக்டர்மார் நோயாளிகளுக்கு நுண்கலை நூதனசாலைக்குப் போகச் சொல்லி மருந்துத்துண்டே எழுதினார்கள்.

எண்கள் பெரியவைதான். ஆனால் நடக்க முடிந்தவர், கண் தெரிகிறவர், கூட்டிப்போக ஆள் இருப்பவர், மனம் சோர்ந்துபோகாதவர்தானே நூதனசாலைக்கே போகிறார்? போனதால் நல்லாயிருக்கிறாரா, நல்லாயிருப்பதால் போகிறாரா? எவ்வளவு கழித்தாலும் இந்தச் சந்தேகம் முழுக்கப் போகாது. ஆய்வாளர்களே இதனால்தான் அது நடக்கிறது என்று அடித்துச் சொல்லவில்லை.

கார்டியோவின் கதையும் இதே இடத்தில்தான் தொடங்கியது. ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களைப் பார்த்தார். றைவர் நாள் முழுக்க இருக்கிறார். கொண்டக்டர் நாள் முழுக்கப் படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு றைவர்களுக்குத்தான் கூட என்று 1953இல் எழுதினார். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் பிறகு அவரே சீருடைப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, இளவயது றைவர்கள்கூடக் கொண்டக்டர்களைவிட இடுப்புப் பெருத்தவர்களாக இருந்தது தெரியவந்தது! அங்கேயும் அதே சந்தேகம். வித்தியாசம் என்னவென்றால், அதற்குப் பிறகு வந்த பல பத்தாண்டுகளில் ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை நடக்கவைத்து, இரத்த அழுத்தத்தையும் சீனியையும் அளந்து பார்த்துவிட்டார்கள். கார்டியோ அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டது. நூதனசாலை இன்னும் மொறிஸின் பஸ்ஸுக்குள்தான் நிற்கிறது.

யாழ்ப்பாணத்து நூதனசாலைகள்

இன்னொரு சிக்கல். லண்டனில் நூதனசாலை என்றால் பல மாடிகள், சில மாதங்களுக்கு ஒருமுறை புதுக் கண்காட்சி. சில மாதங்களுக்கு ஒரு தடவை போக அங்கே காரணம் இருக்கிறது. இங்கே?

நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். நாவலர் மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பதால் தினமும் அந்த வீதியால் போகிறவர்களில் பலர் உள்ளே போயிருக்கமாட்டார்கள். ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிகள், திமிங்கில எலும்பு, பழங்காலக் குடியிருப்பான கந்தரோடையில் கிடைத்த புத்தர் சிலைகளின் உடற்பகுதிகள், சன்னம் துளைத்த விக்டோரியா மகாராணியின் படம் என்று சாமான்கள் நல்லவை. கந்தரோடையைப் பற்றி மட்டும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைக்கலாம்: 1917 அளவில் வரலாற்றாசிரியர் போல் பீரிஸ் அங்கே தோண்டத் தொடங்கினார், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வந்தார்கள். ஆனால் தனியே போய், பார்த்து, திரும்பி வருவதென்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த தடவை போனால் அதே சாமான்கள் அதே இடத்தில்.

ஆகவே இங்கே நூதனசாலையின் பலன் பொருளில் பாதி, கூட வருகிற ஆளில் பாதி என்றே நான் நினைக்கிறேன். பேரப்பிள்ளையோடு போய்ப் பாருங்கள். "அப்பப்பா, ஏன் ராணியின்ர படத்தில ஓட்டை?" என்று கேட்டால் நீங்கள் தொண்ணூறாம் ஆண்டுப் போர்க் கதைக்குப் போகவேண்டும், ஞாபகத்தைக் கிளறவேண்டும், எதைச் சொல்வது எதை விடுவது என்று யோசிக்கவேண்டும். மூளைக்கு இதைவிட வேலை கொடுக்க முடியாது. நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை அமைத்த அரும்பொருள் காட்சியகத்திலும் இதுதான் நடக்கும். பழைய வீட்டுச் சாமான்களைக் கண்டதும் "இது எங்கட ஆச்சி வீட்டில இருந்தது" என்று ஒருவர் தொடங்குவார், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரும் சேர்ந்துகொள்வார். பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியோடு எழுந்த பண்பாட்டு மையத்திலும் அரங்கோடு ஓர் அருங்காட்சியகம் உண்டு.

அந்த இங்கிலாந்து ஆய்வு நாடகத்தையும் கச்சேரியையும் சேர்த்தே எண்ணியது என்பதையும் மறக்கவேண்டாம். அந்தக் கணக்கில் பார்த்தால், கோயில் திருவிழாவில் விடிய விடிய நாதஸ்வரமும் தவிலும் கேட்கிறவர், கூத்துப் பார்க்கிறவர் எல்லாம் லண்டன்காரருக்குக் குறைந்தவர்கள் இல்லை. கச்சேரிக்கு நடுவில் வாங்கும் கடலையை ஆய்வாளர் என்ன கணக்கில் சேர்ப்பார் என்பதுதான் கேள்வி.

நூதனசாலைக்குள் நடப்பது கார்டியோ ஆகுமா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. நின்று, நகர்ந்து, குனிந்து வாசித்து, மறுபடி நிற்பதில் இதயம் ஒன்றும் அவசரப்படாது, நாரிதான் நோகும். பொஸ்டன் நுண்கலை நூதனசாலையில் இருந்த பெஞ்சமின் கில்மன் 1916இலேயே இந்தக் களைப்பைப் பற்றிப் படம்பிடித்து எழுதிவிட்டார்.

நிலமும் வெயிலும் காற்றும்

யாழ்ப்பாணம் தட்டை. ஏற்றமே இல்லாத ஊரில் சைக்கிளை உருட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்வருவது நல்ல பழக்கம்தான், ஆனால் நாடித்துடிப்பு பெரிதாக ஏறாது. எங்கள் மலை காற்றுதான். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் சைக்கிளை மிதித்துப் பாருங்கள். காற்று முகத்துக்கு நேரே அடிக்கும், பாட்டென்ன, பேச்சே வராது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். நடக்கிறவர்களுக்குப் பண்ணைக் கரை, ஆரியகுளத்தைச் சுற்றிய பாதை, நல்லூர் வீதிகள் எல்லாம் உண்டு. பாட்டாச் செருப்போடு வேகமாக நடப்பதை மட்டும் விடுங்கள், அதிலும் சலரோகம் உள்ளவர்கள் காலை மூடும் சப்பாத்துத்தான் போடவேண்டும்.

தடைகளும் இருக்கின்றன. கட்டாக்காலி நாய்கள் ஒன்று. பின்னேரத்தில் ரியூசன் விட்டு வரும் மோட்டார் சைக்கிள்கள் இன்னொன்று. பெண்களுக்கு ஊர்வாய் மூன்றாவது: வேலைக்குப் போனாலோ கோயிலுக்குப் போனாலோ கேள்வியில்லை, காரணமில்லாமல் வேகமாக நடந்தால் "எங்க போறா?" என்பார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடப்பது இதற்கு நடைமுறையில் நல்ல வழி, கதைக்கவும் ஆள் கிடைக்கும். நூதனசாலைக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. நிழலும் கூரையும் உண்டு, முழங்கால் நோவுக்காரரும் போகலாம், செலவும் குறைவு.

இந்த வெயில்தான் போட்டியையே மாற்றிவிடுகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும் காண்டாவனக் காலத்தில் காலை ஒன்பதுக்குப் பிறகு வெளியில் வேகமாக நடப்பது ஆபத்து; கார்டியோவுக்கு விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும்தான். நூதனசாலைகளோ பகலில் திறந்து பின்னேரம் பூட்டுகின்றன. அதாவது இரண்டும் ஒரே மணித்தியாலத்துக்காகச் சண்டை பிடிப்பதே இல்லை. கார்டியோவின் உண்மையான எதிரி விடியப்புற நித்திரை. நூதனசாலையின் எதிரி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையில் எடுக்கும் ஃபோன்.

இரண்டும் கொஞ்சம் சேரும் இடம் கோட்டை ஒன்றுதான். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகப் பெருப்பித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொத்தளங்களின் மேல் ஏறி மதிலோரம் வேகமாகச் சுற்றினால் கால் நன்றாக வேலை செய்யும். ஆனால் அங்கே போகிறவர்களில் அரைவாசிப்பேர் செல்ஃபிக்காக நிற்பதால் நடை நிமிடத்துக்கு 100 அடியைத் தொடுவது கஷ்டம்.

ஆளைப் பார்த்துத்தான் முடிவு சொல்லலாம். நாற்பது தாண்டியவர், வீட்டில் யாருக்காவது சீனி வருத்தம் இருக்கிறதென்றால் யோசிக்கவே வேண்டாம், கிழமையில் ஐந்து நாள் அரை மணித்தியாலம் நடை, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர் சட்டைப்பையில் ஒரு ரொஃபியோடு போகட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியே இருக்கிற ஓய்வுபெற்றவர் என்றால் எனக்கு வேறு எண்ணம். அவருக்கு முதலில் தேவை வாசலைத் தாண்ட ஒரு காரணம். ஒரு சிநேகிதரோடு நூதனசாலைக்குப் போவது அந்தக் காரணமாக இருக்கலாம். நடை பிறகு வரும், பெரும்பாலும் அதே சிநேகிதரோடு.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்றால் சைக்கிளில் நாவற்குழி. பட்டினத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீற்றர், செம்மணி வெளியில் காற்று கிடைக்கும். காலையில் வெளிக்கிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வெயில் தாழ்ந்த பிறகு திரும்பலாம். ரியூசன் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடிப்பதுதான் பாடு.