வாட்டர் பார்க்: வெளியிலா, உள்ளரங்கிலா? சில வருட விஸ்கான்சின் டெல்ஸ் அனுபவம்

சிகாகோ புறநகரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வாட்டர் பார்க்குகள் நிறைந்த விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஊர்தான் குற்றாலம். ஐ-90 நெடுஞ்சாலையைப் பிடித்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரியவள் டயப்பர் போட்ட காலத்திலிருந்து போய்க்கொண்டிருக்கிறோம், இப்போது அவள் ஆறாம் வகுப்பு. ஆனாலும் வாட்ஸாப் குழுவில் வருஷா வருஷம் ஒரே கேள்விதான்: நோவாஸ் ஆர்க் மாதிரி திறந்தவெளிப் பூங்காவுக்குப் போகலாமா, கலஹாரி, கிரேட் உல்ஃப் மாதிரி உள்ளரங்க ரிசார்ட்டில் ரூம் போடலாமா?

என் பதில் எப்போதும் இரண்டு கேள்விகள்தான். எந்த மாதம் போகிறீர்கள்? உங்கள் கடைக்குட்டி எவ்வளவு உயரம்?

மாதம் ஏன் என்றால், இந்த உள்ளரங்கப் பூங்காக்கள் வந்ததே குளிர்காலத்தால்தான். டெல்ஸில் சீசன் மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். 1979இல் தொடங்கிய நோவாஸ் ஆர்க் சுமார் 70 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது, ஆனால் வருஷத்தில் பாதிக்கு மேல் பூட்டுதான். மீதி மாதங்களில் ஹோட்டல்களுக்கு ஆள் வேண்டுமே! 1994இல் பாலினேஷியன் என்ற ஹோட்டல் கூரைக்குள் ஒரு வாட்டர் பார்க்கைக் கட்டியது. அது பிடித்துக்கொள்ள, அடுத்தடுத்து மற்றவர்களும் இறங்கினார்கள். ஜனவரியில் வெளியே பனி கொட்டும்போது, 84 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 29 டிகிரி, சூட்டில் ஷார்ட்ஸோடு நிற்பது தனி சுகம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா உள்ளே நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "நம்மூரு மாதிரியே புழுங்குதுடா" என்றார். அந்த ஆறு மாதத்தில் அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

இதே சுகத்துக்கு ஜூலையில் காசு கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. வெளியே அருமையான வெயில், நாம் கூரைக்குள்ளே, ரூம் வாடகை மட்டும் உச்சத்தில்.

அடுத்தது உயரம். பெரிய ஸ்லைடுகளுக்கு 42 அல்லது 48 அங்குலம் என்று அளவு வைத்திருப்பார்கள். ஒரு கோடையில் சின்னவன் அளவுகோல் பக்கத்தில் குதிகாலைத் தூக்கி, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். லைஃப்கார்டு பெண் குனிந்து அவன் பாதத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு விரற்கடை குறைவு. அழுகை என்றால் அழுகை. அக்கா நோவாஸ் ஆர்க்கின் கால் மைல் நீள பிளாக் அனகோண்டா ஸ்லைடில் போய் வர, இவன் அரை நாள் லேஸி ரிவர் என்ற மெல்ல ஓடும் செயற்கை ஆற்றில் டியூபோடு சுற்றினான். டிக்கெட்டில் அவனுக்கு உருப்படியாகக் கிடைத்தது அலையடிக்கும் வேவ் பூல் மட்டும்தான். உள்ளரங்கில் இந்தப் பிரச்சினை குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஏறி இறங்கும் கோட்டை, தலைக்கு மேலே பிரமாண்ட வாளி. மணி அடித்ததும் ஆயிரம் கேலன், கிட்டத்தட்ட 3,800 லிட்டர், மொத்தமாகக் கவிழும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது போதும், நாள் முழுக்க அந்த வாளிக்குக் கீழேயே நிற்கும்.

உள்ளரங்கத்தின் பெரிய குறை காற்று. ஒரு ரிசார்ட்டில் சனிக்கிழமை சாயங்காலம் கண் எரிச்சலும் வறட்டு இருமலும் தாங்க முடியாமல் நாங்கள் பாதியில் ரூமுக்குத் திரும்பினோம். "குளோரின் ஜாஸ்தி போட்டுட்டாங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். விஷயம் அதுவல்ல. வியர்வை, சிறுநீர் இதெல்லாம் குளோரினோடு சேரும்போது உண்டாகும் குளோரமின்தான் அந்த நெடி. திறந்தவெளியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், வெயிலும் ஓரளவு சிதைத்துவிடும். கூரைக்குள் நல்ல காற்றோட்டம் இல்லாவிட்டால் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே தங்கிவிடும். ஆகவே கூட்டம் எவ்வளவோ நெடியும் அவ்வளவு. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் வார நாளில், காலையில் திறந்ததும் போங்கள். அப்புறம், இறங்கும் முன் குளிக்கச் சொல்வது சும்மா இல்லை. பிள்ளைகளை மணிக்கொருதரம் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போவது உங்கள் கடமை.

திறந்தவெளியின் குறைகள் எல்லோரும் அறிந்தவை. கான்கிரீட் தரை உள்ளங்காலைச் சுட்டுவிடும், தண்ணீர்ச் செருப்பு அவசியம். ஜூன் முதல் வாரத்தில் போனால் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். இடி கேட்டால் எல்லோரையும் கரையேற்றிவிடுவார்கள், பணம் திரும்புமா என்பதை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

செலவு பற்றி ஒன்று. ரிசார்ட்டில் ரூமோடு பூங்கா அனுமதியும் சேர்ந்தே வரும். சாவி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் என்றாலும் பூங்காவுக்குள் விடும் கைப்பட்டையை மதியமே வாங்கிக்கொள்ளலாம், மறுநாள் ரூமைக் காலி செய்த பிறகும் விளையாடலாம். ஆக ஒரு ராத்திரி வாடகைக்கு இரண்டு நாள் விளையாட்டு. ஆனால் இணையத்தில் முதலில் காட்டும் விலையை நம்பாதீர்கள். வரி கடைசித் திரையில்தான் தலைகாட்டும். ரூமில் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் தயிர்சாதமும் புளியோதரையும் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடிக்கும். பூங்காவுக்குள் விற்கும் பீட்சாவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

உடை பற்றிப் பெண்கள் கேட்பதால் சொல்கிறேன்: முழுக்கை ஸ்விம் டாப்பும் நீச்சல் லெக்கிங்ஸும் போட்டு என் மனைவி இரண்டு இடத்திலும் தாராளமாகப் போகிறாள், யாரும் ஏதும் சொன்னதில்லை. காட்டன் சுடிதாரை ரூமிலேயே வைத்துவிடுங்கள். ஜிப்போ உலோகப் பித்தானோ வைத்த துணியைப் பொதுவாக ஸ்லைடில் விடமாட்டார்கள்.

தாத்தா பாட்டி, கைக்குழந்தை, பன்னிரண்டு வயது என்று எல்லாரும் கலந்த கூட்டமாகக் கோடையில் போகிறீர்கள் என்றால் கலஹாரி, வில்டர்னஸ் போன்ற இடங்களைப் பாருங்கள். உள்ளரங்கத்தோடு கோடையில் திறந்தவெளிக் குளங்களும் அங்கேயே உண்டு. நோவாஸ் ஆர்க் அளவுக்கு ஸ்லைடுகளை அந்த வெளிப்பக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மழை வந்தால் டவலைச் சுற்றிக்கொண்டு உள்ளே நடந்துவிடலாம், யாரும் காரில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை.