14 தொட்டி, ஒரு மீட்டர், மூன்று வருடம்

பெரம்பூரில் இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. பையனுக்கு அடிக்கடி இழுப்பு வந்துகொண்டிருந்த நேரம், காற்றைச் சுத்தமாக்கும் செடிகள் என்று யாரோ ஃபார்வர்டு செய்த பட்டியலை நம்பி ஸ்நேக் பிளாண்ட், அரேகா பாம், மணி பிளாண்ட் என்று 14 தொட்டிகளை ஹாலில் கொண்டுவந்து வைத்தேன். "நாசாவே சொல்லியிருக்கு சார்" என்றார் நர்சரிக்காரர்.

சொன்னது நிஜம்தான். ஆனால் நாசா 1989இல் வெளியிட்ட அந்த ஆய்வு, காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் பென்சீன், ஃபார்மால்டிஹைடு மாதிரி வாயுக்களை விட்டுப் பார்த்தது. நம் வீடு என்ன பெட்டியா? ஜன்னல், கதவிடுக்கு வழியாகக் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. அந்தச் சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10இலிருந்து 1000 செடி வரை வேண்டும் என்று 2019இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். இதெல்லாம் தெரிந்தது தொட்டிக்குக் காசு கொடுத்த பிறகு.

ஒரு வருடம் கழித்து காற்றில் இருக்கும் பி.எம் 2.5 என்கிற நுண்தூசியின் அளவைக் காட்டும் மீட்டர் வாங்கினேன். செடிகளை ஒரு வாரம் பால்கனியில் வைத்தும் பார்த்தேன், உள்ளே வைத்தும் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. ஆனால் சமையலறையில் மிளகாய் தாளித்தால் எண் சரசரவென்று ஏறும், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். போகி விடியற்காலையில் ஜன்னலையெல்லாம் சாத்தியும் எண் மூன்று இலக்கத்தைத் தொட்டது. 14 செடியும் சும்மா நின்று வேடிக்கை பார்த்தன.

தொல்லையும் உண்டு. ஐப்பசி மழையில் மண் காயாமல் ஒரு தொட்டியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்தது. இழுப்புக்காரப் பிள்ளை இருக்கிற வீட்டில் இது தேவையா? மணி பிளாண்ட் பாட்டிலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த மாநகராட்சிப் பணியாளர், "சார், புழு நெளியுது பாருங்க" என்று காட்டியபோது மானம் போனது. டெங்கு கொசு முட்டையிட அந்த ஒரு பாட்டில் தண்ணீரே போதும்.

ஸ்நேக் பிளாண்ட் இலையை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துவிடும். தூசியைப் பிடிக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன், அப்புறம் பார்த்தால் டிவி மேலேயும் அதே கறுப்பு.

இப்போது முக்கால்வாசித் தொட்டிகள் பால்கனியில் இருக்கின்றன. ஹாலில் ஸ்நேக் பிளாண்ட் மட்டும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. போன மாதம் அதில் இரண்டு கன்று பிரித்து எதிர்வீட்டு மாமிக்குக் கொடுத்தேன். "காத்து சுத்தமாகுமாடா?" என்றார்.

"நல்லா வளரும் மாமி" என்றேன்.