83 விசைகளோடு ஆறு ஆண்டுகள்

என் மேசையில் இருப்பது ஐபிஎம் 1981-இல் தன் முதல் பிசியோடு கொடுத்த 83 விசை மாடல் எஃப் விசைப்பலகை. ஆறு ஆண்டுகளாகத் தினமும் ஏழெட்டு மணி நேரம் இதில்தான் தட்டச்சு செய்கிறேன். மொழிபெயர்ப்பு என் தொழில் என்பதால் பெரும்பகுதி தமிழ், அதுவும் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில். இடையில் வேறு நான்கு பழைய விசைப்பலகைகள் வீட்டுக்கு வந்தன, இரண்டு போய்விட்டன. வாங்கிய வாரத்தில் எழுதினால் ஒலியைப் பற்றியும் கனத்தைப் பற்றியும்தான் எழுத முடியும். விசைகளை வேறு வரிசையில் அடுக்கிவைத்த ஒரு பலகையோடு கை எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்பது ஆண்டுகள் போனால்தான் தெரிகிறது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எஃப்1 முதல் எஃப்10 வரை இடப்பக்கம் இரண்டு வரிசையாக, மேலிருந்து கீழாக இருக்கின்றன. எஃப்11, எஃப்12 கிடையாது. ஏ எழுத்துக்குப் பக்கத்தில் இன்று கேப்ஸ் லாக் இருக்கும் இடத்தில் கண்ட்ரோல். கேப்ஸ் லாக் கீழே ஸ்பேஸ் பாருக்கு வலப்புறம். இடது ஷிஃப்ட் சிறியது, அதற்கும் இசட்டுக்கும் நடுவில் பின்சாய்வுக் கோட்டு விசை ஒன்று நுழைந்திருக்கிறது. என்டர் ஒல்லியாக, நெட்டாக நிற்கிறது. அம்புக்குறிகளுக்குத் தனி இடம் இல்லை. எண் பகுதியோடு பகிர்ந்துகொள்கின்றன. நான் எண் பூட்டை (Num Lock) அணைத்தே வைத்து அந்தப் பகுதியை அம்புக்குறிகளுக்கு ஒதுக்கிவிட்டேன். 1985-இல் மாடல் எம் வந்த பிறகு பரவிய 101 விசை அமைப்பின் வாரிசுதான் இன்று எல்லோர் மேசையிலும் இருக்கிறது. இது அதற்கு முந்தியது.

முதல் மூன்று வாரம் கடினம். கண்ட்ரோலைத் தேடிச் சுண்டுவிரல் கீழே போய்க்கொண்டே இருந்தது. நான்காவது வாரத்தில் அது தன்னால் ஏ எழுத்தின் பக்கம் ஒதுங்கியது. அதன் பிறகு வேறு எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் நான் முதலில் செய்வது கேப்ஸ் லாக்கை கண்ட்ரோலாக மாற்றுவதுதான். நகலெடுத்தல், ஒட்டுதல், சேமித்தல் என நாள் முழுக்க அழுத்தும் விசையை மணிக்கட்டை முறுக்கி எட்டவேண்டிய இடத்தில் வைத்தது பெரிய இழப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

இந்த அமைப்பைப் பற்றி அதிகம் கேட்கும் குறை ஷிஃப்ட் எட்டவில்லை என்பது. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு அது நியாயமான குறை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. தமிழ்99-இல் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிஃப்ட் வேண்டும். ஒரு பக்கம் முழுக்க எழுதியும் இடது ஷிஃப்டைத் தொடாத நாட்கள் உண்டு.

அதைவிட எனக்குப் பிடித்தது 'ய' விஷயம். தமிழ்99-இல் ய என்பது ஒற்றை மேற்கோள் விசையில் இருக்கிறது. இன்றைய விசைப்பலகையில் அதை ஒட்டியே என்டர். 'செய்ய', 'போய்' என்று வேகமாக எழுதும்போது சுண்டுவிரல் சற்று நழுவினாலும் பாதி வாக்கியத்தில் செய்தி பறந்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு அப்படி அரைகுறைச் செய்திகள் அனுப்பியிருக்கிறேன். மாடல் எஃப்-இல் மேற்கோள் விசைக்கும் என்டருக்கும் நடுவில் இன்னொரு விசை இருக்கிறது. விரல் நழுவினால் ஒரு வேண்டாத குறி விழும், அழித்துவிட்டுப் போகலாம். 1981-இல் இதை வடிவமைத்தவர்கள் தமிழை நினைத்திருக்க வாய்ப்பில்லை. தமிழ்99 வந்ததே 1999-இல். ஆனாலும் ஒன்றுக்கொன்று அளவெடுத்தது போலப் பொருந்துகிறது.

இரட்டிக்கும் எழுத்துகளைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்99-இல் க விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்து 'க்க' வந்துவிடும். 'பக்கம்', 'அப்பா', 'அம்மா' என ஒவ்வொரு வரியிலும் இந்த இரட்டைத் தட்டு வரும். மாடல் எஃப்-இல் ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில் நிற்கிறது. அழுத்த அழுத்த அது வளைந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று மடிகிறது. அந்த மடிப்பே ஒலியை எழுப்புகிறது. அதே மடிப்பு அடியில் உள்ள சிறு தகட்டைச் சாய்த்து மின்தேக்குத்திறனை (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை) மாற்றி எழுத்தைப் பதிக்கிறது. நம் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பலர் பழகிய டிவிஎஸ் கோல்டும் நல்ல விசைப்பலகைதான், இன்றும் என்னிடம் ஒன்று இருக்கிறது. அதன் நீல ஸ்விட்சில் ஒலி ஓரிடத்திலும் மின் தொடர்பு வேறிடத்திலும் உண்டாகின்றன. இதில் இரண்டும் ஒன்றே என்பதால் காதில் கேட்டது திரையில் இருக்கும். தமிழ்த் தட்டச்சில் ஹையர் தேறிய என் அம்மா அடுத்த அறையிலிருந்தே, "இன்றைக்கு உனக்கு வேலை ஓடவில்லை, நிறைய அழிக்கிறாய்" என்பார். சொன்னது தவறியதில்லை.

இங்கே இதைத் தேடி அலைந்து பயனில்லை. ஐபிஎம் 1978-இல் இந்தியாவை விட்டுப் போய் 1992-இல்தான் திரும்பியது. முதல் பிசியின் காலம் முழுக்க அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பலமுறை ஏறி இறங்கியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அமெரிக்காவிலிருந்துதான் வரவழைத்தேன், அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டியது. அதன் ஐந்து முனைப் பிளக் எந்தப் புதுக் கணினியிலும் நேராகச் செருகாது. சமிக்ஞையை யுஎஸ்பிக்கு மாற்றித் தரும் சிறு மின்னணுப் பலகை ஒன்று அவசியம். அந்தப் பலகையிலேயே விசைகளின் வேலையை மாற்றி எழுதலாம். என் கேப்ஸ் லாக் இப்போது விண்டோஸ் விசை.

வந்தபோது பாதி விசைகள் வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் இருந்த நுரைத்தாள் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. அந்தக் கால மாடல் எஃப் எல்லாவற்றுக்கும் வரும் நோய் இது. கைவினைப் பொருள் கடையில் இரண்டு மில்லிமீட்டர் நுரைத்தாள் வாங்கி, பழைய தாளின் அச்சு வைத்து, தோலில் ஓட்டை போடும் கருவியால் ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். தகடுகளை மறுபடி ஒன்றுக்குள் ஒன்று நகர்த்திப் பூட்டத் தச்சர்களின் பிடிப்பான் நான்கு தேவைப்பட்டன. இரண்டு மாலை பிடித்தது. அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு பழுது: ம விசை எழுத்தை விழுங்க ஆரம்பித்தது. மூடியைக் கழற்றினால் வில் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஸ்பேஸ் பார் மேலே வரும்படி பலகையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து மூடியை நேராக அழுத்தினேன். வில் நடுவில் உட்கார்ந்ததும் அந்தப் பழைய ஒலி திரும்பியது.

மற்றவற்றில் விரிவாகச் சொல்லத்தக்கது 122 விசை மாடல் எம். மெயின்பிரேம் எனும் பெரிய மையக் கணினிகளோடு இணைத்த திரை முனையங்களுக்காகச் செய்தது. மேலே இரண்டு வரிசையில் 24 செயல் விசைகள், இடப்பக்கம் இன்னும் பத்து, சிலுவை வடிவில் அம்புக்குறிகள். அந்த முனையங்களில் ஒரு திரை முழுவதையும் நிரப்பி முடித்த பிறகுதான் மொத்தமாகக் கணினிக்கு அனுப்புவார்கள். அதனால் அடுத்த வரிக்குப் போகும் விசை வேறு, அனுப்பும் என்டர் வேறு. என்டர் இன்றைய வலது கண்ட்ரோலின் இடத்தில் இருந்தது. அந்த வேலையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஒரு விசைகூட வீணாக இல்லை. அனுப்பியவர் சரியாகக் கட்டாததால் பின்தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் பல உடைந்து வந்தன. துளையிட்டுத் திருகாணி போட்டுச் சரிசெய்தேன். 24 செயல் விசைகளிலும் கலைச்சொற்களை ஏற்றி வைத்தேன். நீளமான சட்டச் சொற்கள் ஒரே தட்டில் விழுந்தன, அதுபோன்ற வசதியை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆனால் அதன் அகலத்தால் மவுஸ் மேசையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. இரண்டாவது ஆண்டில் வலது தோள் வலிக்கத் தொடங்கியது, நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். வருத்தம் இன்னும் இருக்கிறது.

மாடல் எஃப்-இல் எனக்குத் தீராத குறை ஒன்றுதான்: ஸ்பேஸ் பார். மற்ற விசைகளைவிட இது மிகவும் கடினம். உள்ளிருக்கும் கம்பியைச் சற்றே வளைத்துத் தளர்த்தியும் நாள் முடிவில் கட்டைவிரல் களைத்துவிடுகிறது. மூட்டு வலி உள்ளவர்கள் வாங்கவே வேண்டாம். சிறு குழந்தை தூங்கும் வீட்டிலும் வேண்டாம். விசைமூடிகளின் எழுத்து சாயமாக ஊறியது என்பதால் தேயவில்லை. தமிழ்99-இல் க விழும் விசை என்பதால் ஆறு ஆண்டுகளாக அடிவாங்கும் எச் எழுத்தும் வந்த நாளில் இருந்தபடியே இருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் பிளக்கின் படத்தையும் அடிப்பக்கத்தின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். பலகையைச் சாய்த்தால் உள்ளே ஏதாவது உருளும் ஒலி வருகிறதா என்றும் கேளுங்கள். வில்கள் இருந்தால் போதும். நுரைத்தாளை நாமே வெட்டிக்கொள்ளலாம்.